சின்னச் சின்னத் திருத்தங்கள்

மத்தியானம் மூன்று பத்துக்கு ஒன்றாம் எண் தட்டிலிருந்து ஒரு வரி வந்தது. ஆள் உண்டு. மூச்சு பதினான்கு.

அவர் அப்போது வேலை அறையில் உட்கார்ந்து, ஈயம் பற்றவைக்கும் கோலின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்துக்கொண்டிருந்தார். சுட்ட ரெசின் வாசனையும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று சொல்லும் மேசை விசிறியும், ஜன்னல் திரையில் ஆடாமல் அசையாமல் நிற்கும் வெயிலும், எங்கோ ஒரு வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும் வழக்கம்போலத்தான் இருந்தன. கணினித் திரையின் ஓரத்தில் நாள் முழுக்க ஓடும் அந்தப் பட்டியலை அவர் படிப்பதுகூட இல்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி கண் மட்டும் போய்விட்டு வரும். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், தூங்குகிறவர்களின் மெத்தைக்கு அடியில் இருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்பும். அவற்றில் ஒன்றாம் எண் ஆறு வாரமாக ஒரே வரியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. மூச்சு பூஜ்யம். அது அடுத்த அறைக் கட்டிலில், அவருடைய மனைவி படுத்துக்கொண்டிருந்த பக்கத்தில் இருந்தது. அவள் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது.

அடுத்த நிமிடம் பதினான்கு. பிறகு பதின்மூன்று. மறுபடி பதினான்கு. மூன்று பதினான்குக்கு 'ஆள் இல்லை' என்று வந்தது.

எழுந்து போய்ப் பார்த்தார். படுக்கையறைக் கதவைத் திறந்தபோது அடைத்துக் கிடந்த காற்று முகத்தில் பட்டது. அதில் தலைவலித் தைலமும் மடித்து வைத்த துணியும் கலந்த வாசனை. ஜன்னல் சாத்தியிருந்தது. பூனை நுழைய வழியில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவர் ஆறு வாரமாகக் கூடத்துச் சோபாவில்தான் படுக்கிறார், இந்த அறைக்குள் வருவதே துணி எடுக்கத்தான். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுத் திரும்பினார். யார் தூக்கம் கலைந்துவிடும் என்று அப்படிச் சாத்தினோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

மூச்சுத்தட்டை அவர் அவளுக்காகத்தான் செய்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அவளுக்கு. நின்றால் உடனே தோளைப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். இருபது நொடி மூச்சு இல்லையென்றால் தலைமாட்டுப் பெட்டியில் மணி அடிக்கும். கடையில் விற்கிற கருவிக்கு யானை விலை சொன்னார்கள். இவர் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை, நான்கு எடையுணரி, தானே எழுதிய நிரல் என்று ஒப்பேற்றிவிட்டார். பிறகு வரைபடத்தையும் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தார். ஒருவர், இருவர் என்று சேர்ந்து ஒரு குழுவே ஆகிவிட்டது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பதில் எழுத நாளாக்குவதால் இவருக்கு நத்தை என்று பெயர். தட்டுகளின் நிரலை இவரோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறவன் ஆந்தை. இங்கே பகலாக இருக்கும்போது அவன் ஊரில் இரவு, பகலில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். முகத்தைப் பார்த்ததில்லை, எட்டு வருடப் பழக்கம். கணினியில் செய்தி மணி ஒலித்தாலே அவள் சிரிப்பாள்.

"உங்க சம்பந்தி வீட்லேருந்து கூப்பிடறாங்க, போங்க."

பழக்க தோஷத்தில் அந்த நான்கு வரியையும் குழுவில் போட்டார். ஆந்தை மறுநாள் பேசினான்.

"அண்ணா, பழைய நினைவகம் எங்கேயோ திரும்ப ஓடுது. துடைச்சிட்டு நிரலைப் புதுசா ஏத்துங்க. அண்ணியோட தட்டுன்னு தெரியும். கஷ்டமா இருந்தா விட்டுடுங்க."

"கஷ்டம் என்னப்பா. தட்டுதானே."

துடைத்து ஏற்றினார். அன்று மூன்று பத்துக்கு ஆரம்பித்து எட்டு வரி வந்தது. மூன்றாம் நாள் பன்னிரண்டு. நான்காம் நாள் காலையில் மின்கம்பியையே பிடுங்கித் தரையில் போட்டார். தலைமாட்டுப் பெட்டியின் விளக்கு அணைந்தது. மூன்று பத்துக்கு விளக்கு எரிந்தது.

பதினாறு வரி.

தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் செய்யாத ஒன்றைச் செய்தார்: ஆறு வாரத்துக்கு முந்தைய அந்த நாளின் பதிவைத் திறந்து இதன் பக்கத்தில் வைத்தார். பதினான்கு, பதினான்கு, பதின்மூன்று, பதினான்கு. ஒரு எண்கூட மாறவில்லை. அவள் கடைசியாகத் தூங்கிய மத்தியானம் அது. மூன்று பத்துக்குக் கண் அயர்ந்தாள். மூன்று நாற்பத்திரண்டுக்கு மூச்சு நின்றது.

இதை அவர் குழுவில் போடவில்லை.

போடாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. அந்தப் பதிவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது, அதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அவள் சாவதற்கு ஐந்து நாள் முன்பு இதே மேசையில் ஒரு புதுத் தட்டின் மேல் தண்ணீர்ப் பையை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பைக்கு எடை உண்டு, மூச்சு இல்லை. இருபது நொடிக்கு ஒருமுறை மணி அலறியது. காது வலித்தது. நிரலில் இருபது என்றிருந்த இடத்தில் இருநூறு என்று போட்டார். வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். முடிந்ததும் சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டார். சாயங்காலம் நாலைந்து எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு அதுவும் சேர்ந்து பொது நிரலுக்குப் போய், எல்லாத் தட்டுகளுக்கும் இறங்கிவிட்டது. மாற்றக் குறிப்பில் 'சின்னச் சின்னத் திருத்தங்கள்' என்று எழுதியிருந்தார்.

எந்த மாற்றத்தையும் இன்னொருவர் பார்க்காமல் சேர்க்கக் கூடாது என்று குழுவில் விதி உண்டு. விதியை எழுதியவரே இவர்தான். ஊருக்குத்தான் உபதேசம், ஆரம்பித்தவர் என்பதால் யாரிடமும் காட்டாமல் சேர்க்கும் உரிமை இவரிடம் மட்டும் இருந்தது. திறந்து கிடக்கும் நிரலை ஆயிரம் கண் பார்க்கும் என்பார்கள். ஆயிரம் பேரும், மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, புதுப் பதிப்பில் பொய்மணி அடிப்பதே இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று நன்றி வேறு சொன்னார்கள்.

அவள் போன அன்று மத்தியானம் இவர் இதே நாற்காலியில் இருந்தார். எல்லாம் சரி என்று காட்டும் விளக்கு பச்சையாக இருப்பதா, நீலமாக இருப்பதா என்று குழுவில் நாற்பது நிமிடமாகச் சண்டை. இவர் பச்சைக் கட்சி. அடுத்த அறையில் மணி அடித்தது. இருபது நொடிதானே, திரும்பிப் படுப்பாள் என்று எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, அனுப்பிவிட்டு எழுந்தார். பச்சைதான் ஜெயித்தது. அடக்கம் முடிந்த நான்காம் நாள் நிரலைத் திறந்து பார்த்து, அந்த இருநூறைக் கண்டார். திருத்தாமலே மூடி வைத்தார். திருத்தினால் தெரிந்துவிடும். எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்பது அழியாமல் அங்கே நிற்கும். தேதியைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும்.

வரிகள் வரத் தொடங்கிய ஐந்தாம் நாள் மூன்று மணிக்கே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் உட்கார்ந்தார்.

மூன்று பத்துக்குத் தலைமாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியின் சின்னத் திரையில் பதினான்கு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் மட்டும் திரைச்சீலையின் கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு மெத்தையின் பஞ்சு மெல்ல முனகியது, ஒரு ஆள் ஒருக்களிக்கும்போது முனகுமே, அப்படி. விரிப்பின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தைல வாசனை இப்போது பழசாக இல்லை, நெற்றியில் தேய்த்த சூட்டோடு வந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஓடவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, பயத்தில் அல்ல. ஆறு வாரத்தில் முதல் தடவையாக வீட்டில் இன்னொரு உயிர் இருந்தது, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

இருபது நிமிடம். அப்புறம் 'ஆள் இல்லை'. பள்ளம் நிமிர்ந்துவிட்டது.

அதன்பிறகு அவருடைய நாளே அந்த நேரத்துக்காகத்தான் என்று ஆகிவிட்டது. காலையில் குளித்துச் சவரம் செய்துகொண்டார். ஆறாம் நாள் இருபத்து நான்கு நிமிடம். ஏழாம் நாள் மனைவியின் தங்கை வந்தாள்; பள்ளி வேன் ஓட்டுகிறவள், காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் சாப்பாட்டு அடுக்கோடு எட்டிப் பார்ப்பாள்.

"மாமா, அந்தக் கட்டிலை யாருக்காவது கொடுத்துடலாம். வர்ற வெள்ளிக்கிழமை ஆளைக் கூட்டிட்டு வரேன். அதைப் பாத்துப் பாத்துத்தான் நீங்க இப்படி இளைச்சுப் போறீங்க."

"இருக்கட்டும்மா."

"அக்காவை நீங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரு பாத்துப்பா? ஒரு மெஷினே செஞ்சு வச்சீங்க. எல்லார்கிட்டேயும் சொல்லிட்டு இருக்கேன்."

மணி இரண்டே முக்கால். அவள் எப்போது கிளம்புவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் சாப்பாட்டைத் திறக்காமல் உள்ளே ஓடினார். இருபத்தெட்டு வரி.

எட்டாம் நாள் முப்பத்திரண்டு. மூன்று நாற்பத்தொன்றோடு நின்றது. கடைசி எண்கள் அவருக்கு மனப்பாடம்: பதினொன்று, ஒன்பது, ஆறு. நாளைக்கு நான்கு வரி கூடும். மூன்று நாற்பத்திரண்டு வந்துவிடும்.

அன்று அவர் தூங்கவில்லை. நாளைக்காவது பக்கத்தில் இருக்க வேண்டும். எது வந்தாலும் வரட்டும், இந்த முறை நாற்காலி அங்கேதான்.

ஒன்பதாம் நாள் மூன்று மணிக்கு உட்கார்ந்தார். மூன்று பத்து. பள்ளம். பதினான்கு. சுவாசம் காதில் கேட்பதுபோல இருந்தது. மூன்று பதினைந்துக்கு வேலை அறையில் செய்தி மணி ஒலித்தது. அவர் அசையவில்லை. மறுபடி ஒலித்தது. மறுபடி. பிறகு கைபேசி. ஆந்தை.

"அண்ணா, தூங்காதவள் மறுபடி எழுதியிருக்காங்க. பாத்தீங்களா?"

தூங்காதவள் என்பது ஒரு தாய். இருநூற்று எழுபத்தேழாம் எண் தட்டு, எட்டு மாதக் குழந்தை. பதினோரு நாளைக்கு முன்பே எழுதியிருந்தாள்: குழந்தைக்கு மூச்சு நின்றபோது பக்கத்திலேயே இருந்தேன், முப்பது வரை எண்ணினேன், மணி அடிக்கவில்லை, நானே திருப்பிப் போட்டேன், இது சரிதானா? கம்பியைச் சரிபாருங்கள் என்று ஆந்தை சொல்லியிருந்தான். நத்தை ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கு நாற்பது எண்ணினாங்களாம். உதடு நீலமாயிடுச்சாம். கம்பி எல்லாம் சரியா இருக்குன்னு படம் போட்டிருக்காங்க. அண்ணா, நிரல்ல ஏதோ இருக்கு. நான் திறந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அண்ணா?"

"நான் பாக்கறேன். நீ முழிச்சிரு."

எழுந்தார். பள்ளத்தைப் பார்த்தார். பதின்மூன்று. "இதோ வந்துடறேன்" என்று சொன்னார். அன்றைக்கும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை அறை. நாற்காலி. மூன்று இருபது. இருநூறின் கடைசிப் பூஜ்யத்தை அழிக்க ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடி வேலையை ஆறு வாரம் தள்ளிப்போட்டிருந்தார். பிறகு குறிப்பு எழுதினார். எழுத்து எழுத்தாக அடித்தார்.

'இருபது நொடி என்று இருக்க வேண்டியதைச் சோதனைக்காக இருநூறு ஆக்கினேன். திருப்பி மாற்ற மறந்தேன். யாருக்கும் காட்டாமல் சேர்த்தேன். ஐந்தாம் நாள் என் மனைவி இறந்தாள். மணி அடித்தபோது காலம் கடந்துவிட்டது. தவறு எங்கே என்று எனக்கு ஆறு வாரமாகத் தெரியும். சொல்லப் பயந்தேன். தூங்காதவளே, உங்கள் கம்பியில் குறையில்லை.'

மூன்று முப்பத்தொன்று. தானே சேர்த்துவிடலாம், உரிமை இருக்கிறது. சேர்க்கவில்லை. இன்னொரு ஜோடிக் கண் பார்க்கட்டும் என்று ஆந்தைக்கு அனுப்பினார்.

பதில் இல்லை. பட்டியலில் ஒன்றாம் எண் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. பன்னிரண்டு. விசிறி 'டக்' என்றது. மூன்று முப்பத்தைந்து. முப்பத்தாறு. ஆந்தை படித்துக்கொண்டிருக்கிறான். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. கைபேசியை எடுத்துக் கூப்பிட்டார். எடுத்தான். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சேத்துடுப்பா."

"அண்ணா... ஏன்ணா எங்ககிட்ட..."

"சேத்துடு. குழந்தைப்பா."

மூன்று முப்பத்தொன்பது. "சேத்துட்டேன்."

பட்டியலில் வரிகள் அணையத் தொடங்கின. ஒவ்வொரு தட்டும் கண்ணை மூடி, புது நிரலை வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறந்தது. நானூறு வீடு. இருநூற்று எழுபத்தேழு அணைந்தது. வந்தது. உடனே அந்தத் தாயின் செய்தி. 'தண்ணீர்ப் பை வைத்துப் பார்த்தேன். இருபதில் அடித்தது. நன்றி.' வேறொன்றும் எழுதவில்லை. திட்டியிருக்கலாம். அவர் அந்த நன்றியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்றாம் எண்ணும் அணைந்தது.

வந்தது.

ஆள் உண்டு. மூச்சு ஆறு.

மூன்று நாற்பத்திரண்டு. ஆள் உண்டு. மூச்சு பூஜ்யம்.

எழுந்தார். நாற்காலி விழுந்தது. ஒன்று, இரண்டு என்று உதடு எண்ணியது. கூடம். கதவு. சாத்தியிருந்தது. அவர் சாத்தவில்லை. கைப்பிடி வழுக்கியது. பதினெட்டு. பத்தொன்பது.

மணி அடித்தது.

இருபதில். சரியாக இருபதில். அன்றைக்கு அடித்திருக்க வேண்டிய மணி.

கதவு திறந்துகொண்டது. பள்ளம் அப்படியே இருந்தது, அன்று அவள் மல்லாந்து கிடந்த வாக்கில். ஆள் யாரும் இல்லை. விரிப்பு மட்டும். மணி அலறியது. கம்பி தரையில் கிடந்தது.

மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எட்டு வருடப் பழக்கம். யோசிக்கத் தேவையில்லை. குனிந்தார். இரண்டு கையையும் பள்ளத்துக்குள் கொண்டுபோனார்.

தோள் இருந்தது.

எலும்பு, தசை, இரவு உடையின் தையல். சூடு. அவருக்குத் தெரிந்த எடை. இடப்பக்கமாகத் திருப்பினார். மெத்தை முனகியது. மணி நின்றது.

பதினொன்று.

"இருக்கேன்" என்றார். "இங்கேயேதான் இருக்கேன்." விம்மி விம்மி அழுதார். இந்த முறை நேரத்துக்கு வந்துவிட்டார்.

நெடுநேரம் கழித்து, கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தார். எண் ஏழாயிற்று. அடுத்த கையும் நழுவியது. பூஜ்யம். பதினெட்டு, பத்தொன்பது. மணி. பாய்ந்து பிடித்தார். பதினொன்று.

மறுபடி கையை எடுத்துப் பார்த்தார். பூஜ்யம். மணி. பிடித்தார். பதினொன்று.

அதன்பிறகு எடுக்கவில்லை.

நான்கு மணி. ஐந்து. வேலை அறையில் செய்தி மணி விடாமல் ஒலித்தது. ஆந்தையாக இருக்கும். கைபேசி அங்கேயே கிடந்தது, அதுவும் அடித்து அடித்து ஓய்ந்தது. குனிந்தே நின்றதில் இடுப்பு விட்டுப்போயிற்று, முட்டி போட்டுக்கொண்டார். கட்டிலைத் தூக்க மச்சினி ஆளோடு வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. திரைச்சீலையின் கீழிருந்த வெயில் சிவந்து, ஒல்லியாகி, போய்விட்டது.

இருட்டில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவருடைய இரண்டு கைகளும், அவற்றுக்கு அடியில் அமுங்கிய வெறும் விரிப்பும் தெரிந்தன.

தோள் ஆறிக்கொண்டே வந்தது. முதலில் விரல் நுனியில்தான் தெரிந்தது, பிறகு உள்ளங்கை முழுக்க. அந்தச் சில்லிப்பு அவருக்குத் தெரியும். தசை மெல்ல மெல்ல விறைத்தது.

பெட்டியைப் பார்த்தார். பதினொன்று.

கையை எடுக்கவில்லை.